வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரம்: புதுக்கோட்டை மாவட்டப் பின்னணியில்

வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரம் என்பது மொட்டை மாடியிலோ கூரையிலோ பொருத்தப்படும் சூரியத் தகடுகள் மூலம் வீட்டுக்கு மின்சாரம் பெறும் முறையாகும். தமிழ்நாட்டில் 2011க்குப் பிறகு இம்முறைக்கு அரசுத் திட்டங்கள் ஊக்கமளித்தன. கிடைக்கும் மின்சாரத்தை வீட்டிலேயே பேட்டரியில் சேமிப்பதா, மின்வாரியக் கம்பியில் செலுத்துவதா என்பது இவ்வரலாறு முழுவதும் தொடரும் கேள்வியாகும். 2018ஆம் ஆண்டின் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இக்கேள்வியின் முக்கியத்துவத்தை உணர்த்தியது.

பசுமை வீடுகள்

2011-12ஆம் ஆண்டில் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 60,000 வீடுகள் வீதம் ஐந்தாண்டுகளில் 3 லட்சம் வீடுகள் கட்டுவது இதன் இலக்கு. ஊரக ஏழைகளுக்கு 300 சதுர அடியில் கட்டப்பட்ட இவ்வீடுகளில் ஐந்து சூரிய விளக்குகள் அமைக்கப்பட்டன. சூரிய விளக்குப் பணிகளை, 1985இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை கவனித்தது. பகலில் பேட்டரியில் சேரும் மின்சாரம் இரவில் விளக்கெரிக்க உதவியது. இத்தகைய அமைப்புக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. ஆனால் ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். புதிய பேட்டரி வாங்கும் செலவு ஏழைக் குடும்பங்களுக்குச் சுமையாகும்.

மின்வெட்டுக் காலம்

2008 முதல் நிலவிய மின் பற்றாக்குறை 2012இல் உச்சத்தை அடைந்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நீடித்தது. வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினர். ஆனால் மின்வெட்டு நீளும்போது அதன் பேட்டரி நிரம்பப் போதிய நேரம் கிடைக்கவில்லை. இச்சூழலில் 2012 அக்டோபர் 20 அன்று தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை வெளியிடப்பட்டது. 2015க்குள் 3000 மெகாவாட் என்பது அதன் இலக்கு. ஒரு கிலோவாட் கூரை அமைப்புக்கு மத்திய அரசின் 30 விழுக்காடு மானியத்துடன் மாநில அரசு 20,000 ரூபாய் வழங்கியது.

நிகர அளவீடு

2013 நவம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர அளவீட்டு முறைக்கு ஆணை பிறப்பித்தது. இம்முறையில் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரம் இருவழி மீட்டர் வழியாக மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். அது பயன்பாட்டுக் கணக்கில் கழிக்கப்படும். ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நிழலில்லாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். பேட்டரி தேவைப்படாததால் செலவு குறைந்தது. எனினும், 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுவதால், குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு இதனால் பெரிய மிச்சமில்லை.

கஜா புயல்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதிகளின் தென்னந்தோப்புகள் பேரழிவைச் சந்தித்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் மூழ்கின. குடிநீர்த் தொட்டிகளை நிரப்ப ஜெனரேட்டரை நாட வேண்டியிருந்தது.

இத்தகைய வேளையில் பேட்டரி இல்லாத கூரை அமைப்பு பயன்படாது. கம்பியில் மின்சாரம் நின்றதும் அதன் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். பழுது பார்க்கும் ஊழியர்கள் மீது மின்சாரம் பாயாமலிருக்க இந்த ஏற்பாடு அவசியமானது. ஆகவே தகடுகள் சேதமின்றித் தப்பி, வெயில் நன்றாக அடித்தாலும் வீட்டில் விளக்கெரியாது. மாறாக, பேட்டரியுடன் கூடிய எளிய அமைப்பு, சேதமடையாதிருந்தால், சில விளக்குகளையாவது எரிக்கும்.

பேட்டரியின் மறுவரவு

2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கும். தகடுகளின் திறனைக் கொண்டே மானியம் கணக்கிடப்படுவதால் பேட்டரிச் செலவை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும்.

இன்றைய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் மின்வாரியக் கம்பி, பேட்டரி இரண்டுடனும் இயங்கும். மின்தடையின்போது கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டுப் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் ஈய-அமில பேட்டரிகளை விட நீண்ட நாள் உழைக்கும், விலையும் அதிகம். வீடு முழுவதற்கும் சேமிப்பது பெருஞ்செலவு என்பதால், விளக்கு, மின்விசிறி, கைபேசி போன்ற இன்றியமையாத தேவைகளுக்கு மட்டும் சிறிய பேட்டரி வைப்பது நடைமுறைக்கு ஏற்றதாகும். புயல் தாக்கக்கூடிய மாவட்டங்களில் மின்கட்டண மிச்சத்துடன் இப்பயனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.