கூண்டுக்கு முன்பே வந்த சட்டம்

கொங்கு நாட்டு வீட்டுக்கோழிக்குச் சிறை என்றால் அது பஞ்சாரம்தான். பொழுது சாய்ந்ததும் அதற்குள் அடைப்பார்கள். விடிந்து திறந்துவிட்டால் குப்பைமேட்டைக் கிளறும், புழுதியில் புரளும், முட்டையிட ஒரு மறைவிடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

1970களில் நாமக்கல் வட்டாரத்தில் இந்தக் காட்சி மாறத் தொடங்கியது. மழையை நம்பிக் கைசுட்டுக்கொண்ட மானாவாரி விவசாயிகள் சிலர் லாரித் தொழிலுக்குப் போனார்கள், சிலர் கோழிப்பண்ணை வைத்தார்கள். வெள்ளை லெகார்ன் வழிவந்த கலப்பினக் கோழியும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனமும், வரிசை வரிசையாய்க் கம்பிக் கூண்டும் அந்த வறண்ட மண்ணில் ஒரு பெருந்தொழிலை எழுப்பின. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, பண்ணையாளர்களே விலையை அறிவிக்கும் நிலை வந்தது. நாமக்கல் முட்டை விலை இன்று நாளிதழ்களில் அன்றாடச் செய்தி. வானம் பார்த்த பூமியில் பிழைக்க வழி கண்ட அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கூண்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கீழ்த்தளமும் கம்பிதான். முட்டை உருண்டு முன்பக்கக் கம்பித் தொட்டிலில் வந்து நிற்பதற்காக அது சரிவாக இருக்கும். ஒரு கூண்டில் மூன்று நான்கு கோழிகள். பல பண்ணைகளில் ஒரு கோழியின் பங்குக்கு வரும் இடம் ஏ4 தாளைவிடக் குறைவு. இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. முட்டையிடும் நேரம் நெருங்கினால் கூடு தேடும் உந்துதல் இந்தக் கலப்பினக் கோழிக்கும் உண்டு, தேடிப் போகத்தான் இடமில்லை. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே சூட்டுத் தகட்டால் அலகு நுனியை வெட்டிவிடுகிறார்கள். காட்டுக்கோழி ஓராண்டில் இடுவது பத்துப் பதினைந்து முட்டை. இதுவோ 300க்கு மேல். அதற்கான சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்து, சுமார் 72 வாரத்தில் ஓய்ந்து கறிக்குப் போகிறது. முட்டையிடாத சேவல் குஞ்சுகளின் ஆயுள் பொரிப்பகத்தில் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் சட்டம் கூண்டுக்கு முன்பே வந்துவிட்டது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைக்கு எதிராக அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தபோது, அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்தார். அப்படிப் பிறந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம். நியாயமான அளவு நடமாட இடம் தராத உயரமும் நீளமும் அகலமும் கொண்ட கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. கோழிக்கு விலக்கு எதுவும் அந்த வாசகத்தில் இல்லை. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் ருக்மிணி தேவிதான். வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது.

கூண்டில் நடமாட இடம் உண்டா என்ற இதே கேள்வியை இங்கிலாந்தில் ஒரு புத்தகம் எழுப்பியது. ரூத் ஹாரிசன் 1964இல் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ எழுப்பிய கொந்தளிப்பால் அரசு பிராம்பெல் குழுவை அமைத்தது. எழ, படுக்க, திரும்ப, இறகு கோத, கைகால் நீட்ட எந்தப் பண்ணை விலங்குக்கும் இடம் வேண்டும் என்றது அக்குழுவின் 1965ஆம் ஆண்டு அறிக்கை. கோழிக் காலுக்கு நல்லதல்ல என்று மெல்லிய கம்பி வலைத்தளத்தையும் அது ஒதுக்கியது. 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டபோது, அவை நாடியது அந்த மெல்லிய வலையைத்தான்! பரிவு மட்டும் போதாது, கோழியிடமே கேட்க வேண்டும் என்று அறிவியல் அப்போது கற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் முடிவெடுத்து, பண்ணையாளர்களுக்குப் பல ஆண்டு அவகாசம் கொடுத்து, 2012 ஜனவரி முதல் பழைய பாணிக் கூண்டுகளைத் தடை செய்தது.

இந்தியாவில் 2017இல் சட்ட ஆணையத்தின் 269ஆவது அறிக்கை கூண்டு முறையைக் கைவிடச் சொன்னது. விலை ஏறினால் ஏழையின் தட்டிலிருந்து முட்டை போய்விடும் என்பது எதிர்வாதம். அது வெற்றுச் சாக்கு அல்ல. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சத்துணவில் 1989இல் முட்டை சேர்ந்தது, 2010 முதல் வாரம் ஐந்து நாள் கிடைத்தது. அந்த முட்டையால் தேறிய பிள்ளைகள் ஏராளம். ஆனால் குழந்தையின் பசியையும் கோழியின் வதையையும் எதிரெதிரே நிறுத்த வேண்டிய அவசியமில்லை. கடன் வாங்கிக் கூண்டு போட்டவரை ஒரே நாளில் கைவிடவும் வேண்டியதில்லை. சத்துணவுக்காக டெண்டர் விட்டு முட்டை வாங்குவது அரசுதான். முட்டையின் எடையை நிபந்தனையாக வைக்கும் அரசு, கோழிக்கு விட வேண்டிய இடத்தையும் நிபந்தனையாக வைக்கட்டும். அதற்காகக் கூடும் செலவை விலையில் சேர்த்துக் கொடுக்கட்டும்.