சவலைக் கணக்கு

எங்கள் வீட்டில் எனக்கு வைத்த பேர் ஒன்று, கூப்பிட்ட பேர் ஒன்று. கூப்பிட்ட பேர் 'சவலை'. அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அது 1956 நவம்பர் 23. அடுத்து வந்த மாசியில் பிறந்தேன். எனக்கு ஆறு மாதம் ஆவதற்குள் அம்மா மறுபடி முழுகாமல் இருந்தாள். பால் வற்றிவிட்டது. கேழ்வரகுக் கூழைக் கரைத்து வடிகட்டி ஊற்றினார்கள். தங்கை பிறந்தபோது எனக்கு 14 மாதம். நடை வரவில்லை, வயிறு மட்டும் பானை மாதிரி, கை கால் குச்சி, எந்நேரமும் சிணுங்கல். யாராவது அதட்டினால் பாட்டி தடுப்பாளாம்: "அத ஏன்டி வையிற, அது சவலை. அது பால அந்த வயித்துப் புள்ள குடிச்சிருச்சி."

அந்த வயிற்றுப் பிள்ளை, என் தங்கை, பிறந்தபோதே பூனைக்குட்டி அளவுதான் இருந்தாளாம். ஆக நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை.

1979-இல் செவிலியர் பயிற்சி முடித்து செந்துறைப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். அப்போது இதெல்லாம் திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் தனியாகப் பிரிந்தது. அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு வருஷமே சேர்ந்து, 2007-இல் திரும்பப் பிரிந்தது. அந்தத் தேதியும் நவம்பர் 23 என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உறுத்துகிற விஷயம். நான் மாறாமல் அதே முந்திரிக் கொல்லைகளுக்கும் சோளக் காடுகளுக்கும் நடுவே 2015 வரை, முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் சுற்றினேன்.

பயிற்சியில் 'குவாஷியோர்கர்' என்று ஒரு நோயைச் சொல்லிக் கொடுத்தார்கள். வாயில் நுழையாத பேர். பொருளைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா, இன்று கானா என்கிற நாட்டில் வேலை பார்த்தபோது, அங்குள்ள பெண்கள் பேசும் கா மொழியிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து 1935-இல் மருத்துவ உலகத்துக்குக் கொடுத்தார். அடுத்த பிள்ளை வரும்போது முந்தின பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தம். ஆப்பிரிக்காக் கரையில் ஒரு பாட்டியும் எங்கள் பாட்டியும் ஒரே நோயைக் கண்டு, ஒரே காரணத்தைப் பிடித்து, ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் அந்தப் பாட்டியின் சொல் ஏறியது, எங்கள் பாட்டியின் சொல் ஏறவில்லை.

பேர் வைத்தவர்களுக்கு அதைத் தவிர்க்கவும் ஓரளவு தெரிந்திருந்தது. இரண்டு வயது, மூன்று வயது வரை பால் கொடுப்பார்கள். கொல்லைக்குப் போனால் மரத்தில் தூளி. களை எடுக்கிற வரிசையிலிருந்து ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பால் கொடுக்கிற வரைக்கும் சிலருக்கு 'தலைக்கு ஊற்றிக்கொள்வது' வராது. வராத வரை தங்காது என்பார்கள். இதை 1988-இல் இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்டார்கள்: முழுக்கத் தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு திரும்பவில்லை, குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் என்ற மூன்றும் சேர்ந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. அந்த ஆறு மாதம் என்ற எல்லைதான் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. ஒரு தடவைகூடக் குளிக்காமலேயே அடுத்தது தங்கிவிட்டது என்று எத்தனை பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள்!

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்று மாதம், ஐந்து மாதம் இருந்துவிட்டு வருவதும் ஓர் இடைவெளிதான். இரண்டாவது பிரசவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பழசை எல்லாம் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அதே பாட்டிமார்தான் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு, சேனை வைத்து, மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களோடு நான் போட்ட சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

இனி சர்க்கார் கணக்கு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலஸ்வாமி, மூன்று பிள்ளை பெற்றவள் நான்காவது பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்று அறிக்கையில் எழுதினார். பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை 1956-இல் தொடங்கிய முன்னோடி இந்த மாநிலம்தான். எத்தனையாவது பிள்ளை என்று எண்ணினார்களே தவிர, எத்தனை மாதம் கழித்து என்று யாரும் எண்ணவில்லை. அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்பே பெரியார் 'குடிஅரசு'வில் கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது பேசியது பெண்ணின் விடுதலையை. நாட்டின் ஜனத்தொகையை அல்ல. அந்தப் பேச்சு சர்க்கார் பைலுக்குள் வரவேயில்லை.

பிறகு வந்தது சிவப்பு முக்கோணம். 'நாம் இருவர், நமக்கு இருவர்'. பஞ்சாயத்துக் கிணற்றுச் சுவரில்கூட வரைந்திருந்தார்கள்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளை முகங்களைப் பார்த்து எது எத்தனை வயது மூத்தது என்று சொல்ல முடியாது.

நான் சேர்ந்தபோது எங்களுக்கு இலக்கு உண்டு. ஆபரேஷனை 'கு.க.' என்போம். மார்ச் மாதம் வந்தால் தூக்கம் போய்விடும். அதில் ஒரு வாய்ப்பாடு இருந்தது: ஒரு ஆபரேஷனுக்குச் சமம் மூன்று லூப், அல்லது ஒன்பது பேர் மாத்திரை, அல்லது பதினெட்டுப் பேர் நிரோத். ஒரு பெண்ணுக்கு லூப் போட்டு, மூத்தது நன்றாகப் பால் குடித்துத் தேற இரண்டு வருஷம் வாங்கிக் கொடுத்தால் என் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்கு வேலை. "காப்பர் டி கேஸா கொண்டாந்து நிக்கிற, உருப்படியா ஒண்ணு பிடி" என்று மேலதிகாரி ஒருவர் கூட்டத்தில் வைத்துத் திட்டினார். அதன் விளைவு எங்கள் ஊரில் கண்கூடு: 18-இல் கல்யாணம், 19-இல் ஒன்று, 20-இல் ஒன்று, 21-இல் கு.க. இரண்டோடு நிறுத்தியாகிவிட்டது, தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் 1993 வாக்கில் தாய்க்கு இரண்டு என்ற அளவுக்கு வந்துவிட்டது என்று தலைநகரில் பாராட்டினார்கள். பாராட்டுக்குரியதுதான். ஆனால் அந்த இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தவை.

முட்டிக்கொண்டு வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பேன்? பிறந்த தேதி கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "மூத்தவன் எம்.ஜி.ஆர். செத்தப்ப. சின்னவ அதுக்கப்புறம் ஓட்டுப் போட்டமே, அப்ப." எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். தேர்தல் 1989 ஜனவரி. இடையில் 13 மாதம். பத்து மாதக் கணக்கைக் கழித்தால் தாய்க்கு மூச்சுவிடக் கிடைத்தது மூன்று மாதம். பதிவேட்டில் 'உயிருடன் உள்ள குழந்தைகள்' என்று ஒரு கட்டம் உண்டு, இடைவெளிக்குக் கட்டம் கிடையாது. நான் ஓரத்தில் பென்சிலில் எழுதிக்கொள்வேன். 3, 5, 4, 26, 7.

அந்தப் பென்சில் எண்ணுக்கும் தராசுக்கும் உறவு இருந்தது. உத்தரத்தில் கொக்கி போட்டு ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, துணியில் குழந்தையை வைப்போம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே முள் நின்றால் ஓரத்தில் பார்ப்பேன். பல தடவை ஒற்றை இலக்கம்தான் இருக்கும். ஒரு பிரசவத்தில் தாய் இழக்கிற இரும்புச்சத்தும் போலிக் அமிலமும், கஞ்சியும் ஊறுகாயும் தின்று மூன்று மாதத்தில் ஊறிவிடுமா? வெளுத்த கண்ணோடு அடுத்ததைச் சுமக்கிறாள். அது குறைமாதத்தில் வருகிறது, அல்லது நிறைமாதத்திலும் வத்தலாக வருகிறது.

என் மகள் நர்சிங் பாடம் எடுப்பவள். அவள் சொல்லித்தான் தெரியும்: 2006-இல் உலகம் முழுக்க 67 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்களாம். பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் அடுத்தது தங்கினால், ஒன்றரை வருஷம் பொறுத்தவர்களைவிடக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு 40 சதவீதம் அதிகம், எடை குறைவு 61 சதவீதம் அதிகம். ஐந்து வருஷத்துக்கு மேல் போனாலும் நல்லதில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள், பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே 24 மாதம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளே இன்னொன்றும் சொன்னாள்: 2014-இல் ஆஸ்திரேலியாவில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டதாம். எனக்கு ஆச்சரியமில்லை. இங்கேயும் நாலு மாதத்தில் திரும்பத் தரிப்பவள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள், கூலிக்குப் போகிறவள். இடைவெளியையும் வறுமையையும் நான் என்றும் தனித்தனியாக எடை போட்டதில்லை.

லப்பைக்குடிக்காடு பக்கம் கதை வேறு. ஆண்கள் அரபு நாட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. அங்கே இடைவெளியை முடிவு செய்தது விசா. நான் சொல்லாமலே மூன்று வருஷம்!

செந்துறைப் பக்கம் அவசரத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று. தலைச்சன் பெண்ணாக இருந்தால் கணக்கெல்லாம் தலைகீழ். 2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 897. மாநிலத்தின் அடிமட்டத்தை ஒட்டி நாங்கள். கருவிலே அழித்தது பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அவசரமாக அடுத்ததைத் தரித்து, கையிலிருந்த பெண் பிள்ளையின் பாலை நிறுத்தியதை யாரும் எழுதவில்லை. நான் தூக்கி எடைபோட்ட சவலைகளில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். ஆண் சவலை என்றால் வீட்டில் டப்பா பால் வாங்கிவிடுவார்கள்.

1996-இல் இலக்கு முறையை எடுத்தார்கள். பிரசவ மேசையிலேயே காப்பர் டி போடுவது வந்தது. 2017-இல் மூன்று மாத ஊசி வந்தது. இருந்தும் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் நம்பியிருப்பது இன்னும் ஆபரேஷனைத்தான். ஒத்திப் போடுவதற்கு நம்மிடம் பழக்கம் குறைவு.

போன மாதம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வந்தார். மருமகளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, சிசேரியன். "நீங்க சொன்னா கேப்பா நர்சம்மா. அடுத்தத சட்டுனு பெத்துக்கச் சொல்லுங்க." தையல் ஆற வேண்டியதையும், ரத்தம் ஒன்பதுக்கு மேல் ஏறாததையும் சொன்னேன். இன்னும் ஒன்றரை வருஷமாவது போகட்டும் என்றேன்.

"ஒன்றரை வருஷமா? அதுக்கப்புறம் பத்து மாசம். நான் இருக்க வேணாமா?"

உட்காரச் சொல்லி அவருக்கு பி.பி. பார்த்தேன். 130-க்கு 84.

"இருப்பீங்க" என்றேன்.