எளிய தாய்மாரும் உடற்பயிற்சியும்

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த குடியிருப்பே தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. நடுவே பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்கா. ஊரை வகுத்தவர்கள் உலவுவதற்கு இடம் ஒதுக்கத் தவறவில்லை. ஆயினும், அங்குள்ள ஏழைத் தாய்மாருக்கு உலவும் நேரத்தை ஒதுக்கியவர் யார்?

1996ஆம் ஆண்டு டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். நடுத்தர வருவாயினர் வாழும் திருமங்கலத்தையும், குறைந்த வருவாயினர் வாழும் தியாகராய நகர்ப் பகுதியொன்றையும் எடுத்துக்கொண்டனர். நீரிழிவு முன்னதில் நூற்றுக்கு 12.4 பேருக்கும், பின்னதில் 6.5 பேருக்கும் இருந்தது. பத்தாண்டு கழித்து மீண்டும் கணக்கெடுத்தபோது திருமங்கலத்தில் 15.4, எளியோர் பகுதியில் 15.3! செல்வர் நோய் என்று பேசப்பட்டது ஏழையின் வாயிலுக்கும் வந்துவிட்டது.

இவ்விடைக்காலத்தில் நடுத்தர மக்களிடையே ஒரு நற்செயல் நிகழ்ந்தது. ஆய்வாளரின் அறிவுரையைக் கேட்ட குடியிருப்பினர் தாமே பொருள் திரட்டிப் பூங்கா அமைத்தனர். வாரத்தில் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் ஏழாண்டுகளில் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 ஆக உயர்ந்தனர். அறிவுரையோடு இடமும் துணையும் சேர்ந்ததன் பயன் இது.

எளிய தாயின் நிலை வேறு. "நாளெல்லாம் உழைக்கிறேனே, தனியாக நடை எதற்கு?" என்பது அவள் கேள்வி. அதில் நியாயம் உண்டு. ஆனால் அம்மியும் ஆட்டுக்கல்லும் வாங்கிய உழைப்பை இன்று மின்கருவிகள் ஏற்றுக்கொண்டன. 2011இல் அரசே மிக்சியும் கிரைண்டரும் விலையின்றி வழங்கியது. அந்தச் சுமை நீங்கியது நன்றே. அதை மீண்டும் சுமக்கச் சொல்வது அறமன்று. எனினும், உடல் இழந்த அசைவுக்கு ஈடு வேண்டுமல்லவா?

ஈடுசெய்ய அவளைத் தடுப்பது சோம்பல் அன்று. தனக்கென அரைமணி எடுத்தால் பிள்ளைகளுடையதைத் திருடியதாக மனம் உறுத்துகிறது. வேலையின்றி வீதியில் நடப்பவளைத் தெருவின் கண்கள் அளக்கின்றன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூட நடக்கத் தோழியில்லை.

2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. பாதை பிறந்தது, அதில் அச்சமின்றி நடக்கும் உரிமையை யார் தருவது? கணவன் அரைமணி குழந்தையை ஏந்தட்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வர் சேர்ந்து புறப்படட்டும். தாயைக் குறைகூறுவது எளிது. அவளுக்குத் துணை நிற்பதே நம் கடன்.