கூடைப்பந்தும் கூடி ஆடலும்

ஒரு நாட்டின் சரித்திரம் அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மாத்திரம் எழுதப்படுவதன்று. விளையாட்டு மைதானங்களிலும் அதன் ஏடுகள் சில உள. மீன்பாடும் தேனாடு எனப் புகழ்பெற்ற எமது மட்டக்களப்பு, கூத்துக்கும் கண்ணகி வழிபாட்டுக்கும் பெயர்பெற்றது போலவே, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிற் கூடைப்பந்தாட்டத்துக்கும் பெயர்பெற்றது. அவ்விளையாட்டு எங்கே தோன்றியது, எவ்வாறு எம் வாவிக்கரையை அடைந்தது, அது எமக்குக் கற்பித்த பாடம் யாது என்பனவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே எமது நோக்கமாகும்.

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 ஆம் ஆண்டு மார்கழி மாதம், பனியின் காரணமாக வெளியே ஆட இயலாதிருந்த 18 மாணவருக்கு மண்டபத்துள்ளே ஆடத்தக்க விளையாட்டொன்றை அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அடிபிடி நிகழாத விளையாட்டை எங்ஙனம் அமைப்பது? நெய்ஸ்மித் காரணத்தை ஆராய்ந்தார். பந்தைச் சுமந்து ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதனாலன்றோ முரட்டுத்தனம் பிறக்கிறது? ஆகவே, பந்தைக் கையிற் கொண்டு ஓடலாகாது. பிடித்த இடத்தில் நின்றே அதனை எறிந்துவிடல் வேண்டும் என விதித்தார். பத்தடி உயரத்திற் பழக்கூடைகள் இரண்டைக் கட்டுவித்து, பக்கத்துக்கு ஒன்பதின்மராக மாணவரைப் பிரித்து ஆடவிட்டார். 13 விதிகளோடு கூடைப்பந்தாட்டம் பிறந்தது.

இங்கே ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். தன்னலமின்மை என்பது இவ்விளையாட்டிற்குப் பின்னர் சூட்டப்பட்ட அணிகலனன்று. அது பிறப்பிலேயே அமைந்த விதி. பந்து கைக்கு வந்தவுடன், "இதனை யாருக்குக் கொடுப்பேன்?" என்று எண்ணுதல் ஆடுபவனின் முதற் கடமையாயிற்று. சில ஆண்டுகளிற் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு செல்லும் வழக்கம் புகுந்தது. அதனோடு ஒருவனே பந்தை நெடுநேரம் தன்வசம் வைத்திருக்கும் ஆசையும் புகுந்தது. எம் சகோதரிகள் பாடசாலைகளில் ஆடும் வலைப்பந்தாட்டமோ, கூடைப்பந்திலிருந்தே கிளைத்ததாயினும், பந்தோடு ஓடலாகாது என்ற பழைய விதியை இன்றும் கைவிடாது காத்து வருகின்றது.

கூடி ஆடுதல் எமது மண்ணுக்குப் புதியதன்று. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டை முதியோர் அறிவர். ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, வடம் பூட்டி இழுப்பர். எவருடைய கொம்பு முறிந்ததோ அச்சேரி தோற்றது. வெற்றி தனியொருவன் பெயராற் சொல்லப்படுவதில்லை. சேரியின் பெயராலேயே சொல்லப்படும். அங்கே பலரையும் பிணைப்பது கையிலுள்ள வடம். கூடைப்பந்திலோ கண்ணாற் காணத்தக்க வடம் இல்லை. ஐவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் அறிவே அங்கு வடமாகும். அது ஒரு நாளில் முறுக்கப்படுவதன்று.

அத்தகைய வடத்தை இங்கே முறுக்கியவருள் இயேசு சபைக் குருமார் முதன்மையானவர். 1873 இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியில் முன்னர் பிரெஞ்சுக் குருமார் பணிபுரிந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துக் குருமார் வந்தனர். தம் நாட்டு விளையாட்டையும் அவர்கள் உடன் கொணர்ந்தனர். அவர்களுள் ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரை மட்டுநகர் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கின்றது. யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் கூடைப்பந்துப் பயிற்சியாளராய்ப் பல இளைஞரை உருவாக்கினார். கொழும்பின் பெரிய கல்லூரிகளோடு ஒப்பிடுகையிற் சிறியதான ஒரு நகரத்துப் பிள்ளைகள் இலங்கைப் பாடசாலைகளிடையே முன்னணியில் நின்றனர்.

அந்த அணிகளிற் சைவரும் கத்தோலிக்கரும் பிறரும் தோளோடு தோள் நின்றனர். வழிபடும் இடம் வேறாயினும், பந்தெறியும் கூடை ஒன்றே. மிஷன் பாடசாலையிற் கற்ற எம்போன்ற சைவப் பிள்ளைகள் இதனை நன்றியோடு நினைத்தல் தகும்.

1990 ஆம் ஆண்டு, இக்கிழக்கு மண் இரத்தத்தில் தோய்ந்த காலம். அவ்வாண்டு ஆவணி 15 ஆந் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கித் திரும்பிய ஹேபியர் அடிகளார், உடன்வந்த இளைஞர் ஒருவரோடு காணாமற்போனார். இருவரும் மீண்டிலர். பந்தைப் பிறனுக்குக் கொடு என்று மைதானத்திற் கற்பித்தவர், தம் வாழ்நாளையே பிறர்க்கெனக் கொடுத்துவிட்டார் என்று சொல்லுதல் மிகையாகாது.

திறமை மிக்க ஐவரைச் சேர்த்துவிட்டால் அணி அமைந்துவிடும் என்று கருதுவோர், 2004 ஆம் ஆண்டின் ஏதென்ஸ் ஒலிம்பிக்கை நோக்குவாராக. 1992 முதல் மூன்று ஒலிம்பிக்குகளிலும் தொடர்ந்து தங்கம் வென்ற அமெரிக்கா, புகழ்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரரோடு அங்கே சென்றது. ஆயினும் புவேர்ட்டோ ரிக்கோவிடம் 92–73 எனவும், அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவிடம் 89–81 எனவும் தோற்றது. ஆர்ஜென்டீன வீரர் பலர் ஆண்டுக்கணக்காக ஒன்றாய் ஆடிப் பழகியவர். தங்கம் அவர்களுக்கே கிட்டியது. அமெரிக்கரிடம் ஆற்றல் குறைவாயிருந்ததில்லை, வடம் முறுக்கப்படவில்லை.

இனி எம்மை நாமே நோக்குவோம். அண்மையில் இளைஞர் கழக ஆட்டமொன்றைக் கண்டோம். ஓரணியில் ஒரே ஊரைச் சேர்ந்த இருவர் தமக்குள்ளேயே பந்தை மாற்றிக்கொண்டிருந்தனர். மற்றை மூவரும் வெற்றுக் கையை நீட்டி நீட்டிச் சலித்தனர். அவ்வணி தோற்றது, அது பெரிதன்று. அம்மூவரும் அடுத்த ஆட்டத்திற்கு வரவில்லை என்று பின்னர் அறிந்தோம், அதுவே பெரிது. ஊரும் தெருவும் குலமும் பார்த்துப் பந்து கொடுக்கும் கை, நாளை உத்தியோகத்திலும் ஊர்ப்பணியிலும் அவ்வாறே கொடுக்கும் அன்றோ?

பிழை ஆடுபவரிடத்து மாத்திரம் இல்லை, பார்ப்போரிடத்தும் உண்டு. பந்தைக் கூடையில் இட்டவனுக்கே கரகோஷம் செய்கிறோம். அவனுக்குப் பந்தைக் கொடுத்தவனின் பெயரைக் கேட்பார் சிலரே. தோழனைத் துரத்தி வரும் எதிரியின் வழியில் அசையாது நின்று, மார்பில் இடிபட்டு, தோழனுக்கு வழி உண்டாக்கிக் கொடுத்தவனைக் கேட்பார் எவருமிலர். சாதாரணப் புள்ளித்தாளிலும் அவன் செயலுக்கு இடமில்லை. எதனைப் போற்றுகிறோமோ அதுவே வளரும்.

ஆதலால் எமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் விளையாட்டு விழாவிற் கூடுதலான புள்ளி பெற்றவனுக்குப் பரிசு வழங்குகிறோம், வழங்குக. அதனோடு, பிறர் புள்ளி பெற உதவியவனுக்கும் ஒரு பரிசை ஏற்படுத்துக. அவனைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அவனோடு ஆடிய தோழரிடமே விடுக. அவர்களே அவனை அறிவர். அடுத்த ஆண்டு மலரில் அவன் பெயரும் அச்சேறுமாக.