மீனாட்சியம்மாள் பாட்டு யார் காதில் விழுந்தது?

மாசி மாதம் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனால் தப்புச் சத்தம் கேட்கும். காமன் கூத்து. பகலில் மலையில் வேலை செய்தவங்களே ராத்திரியில் ரதியும் மன்மதனுமா வேஷம் கட்டி ஆடுவாங்க. மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும்போது, சுத்தி நிற்கிற சனமும் கண் கலங்கும். இது வெறும் திருவிழா மட்டும் இல்ல. நாலு பேர் சேர்ந்து நின்றாலே தொரை சந்தேகப்பட்ட காலத்தில், நம்ம சனம் பயமில்லாமல் ஒன்றுகூடிய இடமும் இதுதான்.

அன்றைக்குத் தோட்டம் என்றால் தனியார் நிலம். வெளியாள் அனுமதி இல்லாமல் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. அதனால்தான் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி மாதிரி வேஷம் போட்டு லயங்களுக்குள் போனார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். 1931இல் அட்டனில் அவர் தொழிற்சங்கம் தொடங்கியபோது, கூடவே நின்றவர் மனைவி மீனாட்சியம்மாள். ‘தேசபக்தன்’ பத்திரிகை வேலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. ஆனால் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேருக்கு அப்போது எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் மீனாட்சியம்மாள் பாட்டைக் கையில் எடுத்தார். சனத்துக்குப் பழகிய மெட்டில் அரசியலைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடினார். மேடைப் பேச்சு கூட்டத்தோடு முடிந்துவிடும். பாட்டு அப்படியில்ல, மறுநாள் கொழுந்து மலைக்கும் கூடவே போகும்.

அவர் எதைப் பாடினார்? 1939இல், அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையை விட்டு நிறுத்த அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். ‘நீங்க இந்த நாட்டுக்காரங்க இல்ல’ என்ற பேச்சு சட்டமாக மாறத் தொடங்கிய நேரம் அது. 1940இல் வந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் அந்த இனவாதத்தைத்தான் கேள்வி கேட்டது. எட்டே வருஷத்தில், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பின்னாலேயே வாக்குரிமையும் போனது.

அப்படியென்றால் பாட்டு தோற்றுவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. தனக்கு நடப்பது விதி இல்ல, அநியாயம் என்று ஒரு சமூகம் புரிந்துகொள்ள அந்தப் பாட்டு உதவியது. ஆனால் பாட்டு தமிழில் இருந்தது, கேட்டவர்களும் தமிழர்கள். மலைக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் இருந்தவர் காதில் அது விழவில்லை. இனவாதத்தைப் பற்றிய பேச்சு ஒரு பக்கத்திலேயே நின்றுபோனது.

மறுபக்கத்தோடு பேச முடியாது என்றும் இல்லை. அதே 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பக்கபலமாக நின்றது லங்கா சமசமாஜக் கட்சி. அதன் தலைவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர். ஆனால் அந்த உறவு நீடிக்கவில்லை. 1983 ஜூலையில் பதுளை நகரத்திலேயே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000 அக்டோபரில் பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ முகாமில் அடைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25க்கும் மேற்பட்டோரை ஒரு கும்பல் கொன்றது.

அதுக்குச் சில வருஷத்துக்குள் பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் ‘ஜனகரலிய’வைத் தொடங்கினார்கள். தமிழில் அதன் பெயர் ‘மக்கள் களரி’. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு. சிங்கள இளைஞர்களும் தமிழ் இளைஞர்களும் ஒன்றாகத் தங்கி, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, இரண்டு மொழியிலும் நடித்தார்கள். யுத்தம் நடந்த காலத்திலும் இது நடந்தது. நாடகம் தொடங்கும் முன்னாடியே, ஒரு வசனத்தைச் சரியாக உச்சரிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒத்திகையிலேயே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது.

இங்கே நாம் நம்மையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தப்பு அடிப்பதை ஒரு சாதியின் வேலை என்று ஒதுக்கி, அடித்தவரைத் தள்ளி நிறுத்திய பழக்கம் நம்ம லயங்களிலும் இருந்தது. அதைப் பேசாமல் அடுத்தவர் இனவாதத்தை மட்டும் பேசினால் யார் நம்புவார்?

ஊவாவில் நாடகம் போட நினைக்கிற தோழர்களுக்கு ஒரு யோசனை. மீனாட்சியம்மாள் கதையையே எடுங்க. பாதி வசனம் சிங்களத்தில் இருக்கட்டும். முதல் மேடையேற்றத்துக்குப் பக்கத்துக் கிராமத்து ஆட்களையும் கூப்பிடுங்க. நாடகம் முடிந்ததும் உடனே கலையாம, ஒரு பிளேன்டீ குடிச்சுக்கிட்டே பேசுங்க.