நிரை பிரிக்கும் திரை



பலாங்கொடைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே காலைப் பெரட்டு முடிந்து கொழுந்து மலைக்குச் செல்லும் பெண்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். வந்தவர் தொகையைப் பார்த்துக் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். ஒருவர் நிரையில் மற்றவர் புகுவதில்லை. தமக்குரிய இடம் எதுவென்று எவரும் தேடி அலைவதுமில்லை. இடத்தைப் பங்கிடுவது ஒருவர் வேலை, கொழுந்து பறிப்பது மற்றவர் வேலை. இதையொத்த ஓர் ஏற்பாட்டைக் கணினித் திரையில் அமைக்க முயன்றவர்களின் வரலாறே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

கணினியில் நாம் திறக்கும் கடிதமும் கணக்கும் படமும் தனித்தனிச் சட்டங்களுக்குள் தோன்றுகின்றன. அச்சட்டத்துக்குச் சாளரம் என்று பெயர். மேசைமேற் கிடக்கும் தாள்களைப் போலச் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இடலாம் என்ற எண்ணம், அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோவிலிருந்த செராக்ஸ் ஆய்வு நிலையத்தில், ஆலன் கே என்பாரும் அவர் குழுவினரும் 1970களில் ஆக்கிய ஸ்மால்டாக் முறையிலே வடிவம் பெற்றது. அழகான எண்ணந்தான். ஆனால் அடியிலே போன தாளைத் தேட வேண்டுமே! மேசையின் குறை திரைக்கும் வந்து சேர்ந்தது.

அதே செராக்ஸ் நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்டார் கணினி இதற்கு மாறான வழியிற் சென்றது. அதனை வகுத்தவர்கள் முன்னதாகச் சிலரைக் கொண்டு சோதனை நடத்தினார்கள். சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காதபடி நகர்த்தி வைப்பதிலேயே அவர்கள் பெரும்பொழுதைப் போக்குவது தெரியவந்தது. அந்த வேலையை இயந்திரமே செய்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. தளத்தில் ஓடு பதித்தாற்போலச் சாளரங்கள் அருகருகே நின்றன. 1985 நவம்பரில் வெளிவந்த மைக்ரோசொப்டின் முதல் விண்டோஸும் அவ்வாறே அமைந்தது.

எனினும் காலம் அதற்கு உதவவில்லை. 1984இல் வந்த அப்பிளின் மெக்கின்டோஷ் தாள்முறையையே கைக்கொண்டிருந்தது. 1987இல் விண்டோஸின் இரண்டாம் பதிப்பும் அப்பக்கம் சாய்ந்தது. ஓட்டுமுறை அறிவிலே தோற்றது என்று நான் கருதவில்லை. அந்நாளைய திரைகள் சிறியன. நான்கு சாளரங்களைத் திறந்தால் நான்கும் குறுகி, எதையும் படிக்க இயலாமற் போகும். ஏக்கர்க் கணக்கில் மலையிருந்தால் நிரை பிரிக்கலாம். வீட்டுத் தோட்டத்தில் எதைப் பிரிப்பது?

இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 1986இல் சாரா பிளை, ஜாரெட் ரோசன்பெர்க் என்னும் இருவர் செய்த ஆய்வு குறிப்பிடத்தக்கது. இயந்திரம் வகுத்த இடத்துக்குப் பொருள் அடங்கும் வேலைகளில் ஓட்டுமுறையே விரைவானது. அடங்காத வேலைகளிலோ, பழகிய கையினர் தாள்முறையில் முந்தினார்கள். நிரை பிரிப்பில் ஓரவஞ்சனை என்ற முறைப்பாடு தோட்டத்தில் எழுவதுண்டு. இயந்திரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஆனால் எந்தச் சாளரத்தில் என்ன இருக்கிறதென்பதும் அதற்குத் தெரியாது. நீண்ட கணக்கேட்டையும் ஒருவரிக் குறிப்பையும் அது ஒன்றாகவே மதிக்கும்.

கைவிடப்பட்ட முறையை விடாது காத்தவர்கள் நிரலெழுதும் தொழிலினர். 2006இல் டிடபிள்யூஎம், 2007இல் எக்ஸ்மோனாட், 2009இல் மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் ஆக்கிய ஐ3 எனப் பல சாளர மேலாளர்கள் தோன்றின. இவற்றுள் முதலாவது ஈராயிரம் வரிக்குள் அடங்க வேண்டுமெனத் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டது. முதன்மைச் சாளரத்துக்குத் திரையின் பெரும்பகுதியைக் கொடுத்து, ஏனையவற்றை ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவது அதன் வழக்கம். ஒன்றை மூடினால் எஞ்சியவை விரிந்து அவ்விடத்தை நிரப்பிக்கொள்ளும். விசைப்பலகையை விட்டுக் கை எழவே வேண்டியதில்லை. பழகச் சில நாளாகும். அதற்குள் வெறுத்து ஒதுக்கியோரும் பலர்.

திரைகள் அகன்றபின் பெருநிறுவனங்களும் திரும்பி வந்தன. 2021இல் வெளியான விண்டோஸ் 11 ஆயத்த வகுப்புகளைக் காட்டி, வேண்டியதைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது. 2024இல் அப்பிளின் செக்கோயாவும் இவ்வசதியை ஏற்றது. இவை முழுத் தானியக்கமல்ல. ஒவ்வொரு முறையும் நாமே சொல்ல வேண்டும். தோட்டக் காரியாலயத்தில் செக்ரோலை இடப்புறமும் கொழுந்துக் கணக்கை வலப்புறமும் நிறுத்தி ஒப்புநோக்க விரும்புவோர், விண்டோஸ் விசையுடன் பக்க அம்புக்குறியை அழுத்திப் பார்க்கலாம். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதலே அவ்வழி திறந்திருக்கிறது.