தொல்லை அழைப்புகளும் தொலைபேசி மோசடியும்: இந்தியப் பாதுகாப்பு ஏற்பாடுகள், கொல்லிமலையை முன்வைத்து

கேட்காமலே கடனையோ மனையையோ காப்பீட்டையோ விற்க வரும் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் தொல்லை அழைப்பு எனப்படும். வங்கி அதிகாரி என்றோ போலீஸ் என்றோ பொய் சொல்லிப் பணம் பறிப்பது மோசடி அழைப்பு. போன் எடுப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி மணிதான் அடிக்கின்றன. அரசு அமைப்பிலோ முதலாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பொறுப்பு, இரண்டாவது காவல்துறையின் பொறுப்பு. இந்தப் பிரிவினையை ஒட்ட வைக்கவே சுமார் இருபது ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டியிருந்த அந்தக் காலத்தில் செல்பேசி வசதியுள்ளவர்களின் பொருளாகவே இருந்தது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின, பேசும் கட்டணமும் சரிந்தது. செல்பேசி எல்லார் கைக்கும் வர, விற்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஒரு வழக்கறிஞர் 2005இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2007 ஜூனில் டிராய் முதல் விதிமுறைகளை வெளியிட்டது, அக்டோபரில் ‘அழைக்க வேண்டாம்’ என்ற தேசியப் பதிவேடு செயல்படத் தொடங்கியது. அமெரிக்கா 2003இல் தொடங்கிய பதிவேட்டைப் போன்றதுதான் இதுவும்: வேண்டாம் என்பவர் தன் எண்ணைப் பதிய வேண்டும், பதியாதவரை யாரும் அழைக்கலாம்.

பதிந்தாலும் நடைமுறைக்கு வர 45 நாள் ஆனது. பதிந்த எண்ணை மீறி அழைத்தவருக்கு முதல் அழைப்புக்கு 500 ரூபாய், அடுத்தடுத்தவற்றுக்கு 1,000 ரூபாய் அபராதம். விற்பனை நிறுவனங்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. எனவே 2010 டிசம்பரில் புதிய விதிமுறைகள் அறிவிக்கப்பட்டு 2011 செப்டம்பர் 27இல் அமலுக்கு வந்தன. விளம்பர அழைப்புக்கு 140 எனத் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன, இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை அழைக்கத் தடை வந்தது, அபராதம் 25,000 ரூபாயில் தொடங்கி இரண்டரை லட்சம் வரை ஏறியது. விற்பவர்கள் இதற்கும் வழி கண்டார்கள். பதிவு செய்துகொள்ளாமல், சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்தே அழைத்தார்கள். அழைப்பின் விலையும் 2016க்குப் பிறகு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

2018 ஜூலையில் டிராய் மூன்றாவது முறையாக விதிகளைத் திருத்தி எழுதியது. வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனத்தின் பெயர், செய்தியின் வாசக அமைப்பு, வாடிக்கையாளரின் சம்மதம் ஆகிய மூன்றும் பிளாக்செயின் பேரேட்டில் பதிவாக வேண்டும், ஒத்துப்போகாத செய்தி வழியிலேயே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2021 மார்ச்சில் இதை முழுமையாக அமல்படுத்தியபோது வங்கிகளின் ஓடிபிகளே முடங்கி, சில நாள் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஆயினும் குறுஞ்செய்தித் தொல்லையைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சிகளில் இதுவே உருப்படியானது என்று சொல்லலாம். குரல் அழைப்புக்கு அப்படி வாசகம் ஒப்பிடும் வடிகட்டி கிடையாது.

இந்த விதிகள் எல்லாம் முகவரி உள்ள நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தின. “பேங்க் மேனேஜர் பேசுறேன், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு, மேல இருக்குற பதினாறு நம்பரைச் சொல்லுங்க” என்று அரைகுறைத் தமிழில் வந்த குரலுக்கு எந்தப் பதிவேடும் பொருட்டில்லை. ஜார்க்கண்டின் ஜாம்தாரா இதற்கே பேர்போனது. பிறகு தொழில் எல்லை தாண்டியது. வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டிருந்த தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்டு வரப்பட்டார்கள். எதிர்முனையில் பேசுபவரே அடிமையாக இருக்கலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

அந்தக் குரல் மலையூர்களுக்கும் எட்டியது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என ‘நாடு’களாகப் பிரிந்த 14 ஊராட்சிகளில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள், மிளகு, காபி, வாழை, மரவள்ளி விளைவிக்கிறார்கள். பல ஊர்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆனால் பிஎம் கிசான் தவணையும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும், 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கே வருகின்றன. அரசுப் பணம் கணக்குக்கு வரும் என்று தெரிந்தவுடன், அதிகாரி பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்கும் குரலும் வரத் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்று பதியக் குறுஞ்செய்தி அனுப்புவதானால், 1909 எண்ணுக்கு ஆங்கில எழுத்தில் அனுப்ப வேண்டும். அழைத்தும் பதியலாம் என்பது எத்தனை வீடுகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? காப்புக் கேட்டு மனுப் போட்டவருக்கே காப்பு என்ற 2007ஆம் ஆண்டு நினைப்பு, இப்படிப்பட்ட ஊர்களைத்தான் வெளியே நிறுத்தியது. பதியாதவரும் பதிவுபெறாத எண்ணின் மீது புகார் செய்யலாம் என்று ஆனது 2025 பிப்ரவரித் திருத்தத்தில்தான். புகார் செய்ய 3 நாளாக இருந்த அவகாசமும் அப்போதே 7 நாளாகியது.

பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. 2021 ஏப்ரலில் 155260 என்ற எண்ணில் தொடங்கிய உதவி மையம் பின்னர் இவ்வெண்ணுக்கு மாறியது. புகார் பதிவானதும் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் பாய்கிறது. திருடர் எடுப்பதற்குள் எட்டிப் பிடித்தால் தொகை முடக்கப்படுகிறது. எல்லாமே முதல் சில மணி நேரத்தில்தான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை, தன் தவறில்லாமல் பணம் இழந்தவர் 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்கிறது. ஏமாந்து ஓடிபி சொன்னவருக்கோ, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதே. மிரட்டலுக்கும் தந்திரத்துக்கும் பலியானவரை அலட்சியக்காரர் என்று வகைப்படுத்தும் இந்த விதி கடுமையானது, திருத்த வேண்டியது.

போலீஸ் என்று வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடி பரவியதும் அரசு நடவடிக்கைகளில் வேகம் கூடியது. வெளிநாட்டிலிருந்து வந்து இந்திய எண் போலத் தோன்றும் அழைப்புகளை மறிக்கும் அமைப்பு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது, முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. ஓராண்டு கழித்து உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் கைது குறித்துத் தானாகவே வழக்கை எடுத்தது. இதற்கிடையே 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, கணக்கு தொடர்பான அழைப்புகளை 1600 எனத் தொடங்கும் எண்ணிலிருந்தே செய்ய வேண்டும், விளம்பர அழைப்புக்கு 140 என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆங்கிலம் படிக்காதவரும் இலக்கத்தைப் பார்த்து அறியலாம் என்பதால் மலையூர்களுக்கு மிகவும் உதவக்கூடியது இதுதான். அழைப்பவரின் பதிவான பெயரையே திரையில் காட்டும் வசதியை டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அது முதலில் 4ஜி, 5ஜி வாடிக்கையாளர்களுக்கு வருகிறது. 2ஜி பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இப்போதைக்கு இல்லை.